வீட்டுக்குள் வராத ஓவர் ஈஸி

அமெரிக்காவில் நான் முதலில் கற்றுக்கொண்ட ஆங்கிலம் 'ஓவர் ஈஸி'. அதற்கு முன்னால் எம்.எஸ்ஸி. வரை ஆங்கிலத்தில்தான் படித்திருந்தேன். தங்கப்பதக்கம்கூட ஒன்று உண்டு. திருநெல்வேலியில் என் அம்மாவின் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே பத்திரமாகத் தூங்குகிறது. நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக் நெடுஞ்சாலையோரத்து டைனர் ஒன்றில் ஒரு முட்டை வாங்கித் தின்பதற்கு அந்தப் படிப்பு போதவில்லை.

தொண்ணூற்றேழில் கல்யாணமாகி வந்து இறங்கிய புதிது. என் கணவர் ஒரு மருந்துக் கம்பெனியில் கம்ப்யூட்டர் காண்ட்ராக்டில் இருந்தார். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் செத்துவிடும் என்று உலகமே நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. எனக்கு ஹெச்-ஃபோர் விசா. அதாவது புருஷனுக்குத் துணையாக நாட்டுக்குள் வரலாம், வேலை மட்டும் பார்க்கக் கூடாது. காரும் ஓட்டத் தெரியாது. வாரம் முழுக்க அபார்ட்மென்ட்டில் கார்ப்பெட்டை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவளை, சனிக்கிழமை காலையில் டைனருக்குக் கூட்டிக்கொண்டு போவார். டைனர் எங்களுக்கு நேர் எதிர்ப்பக்கம்தான். ஆனால் நடுவில் நெடுஞ்சாலை. நடைபாதையும் கிடையாது, கடக்க வழியும் கிடையாது. எதிர்த்த கடைக்குப் போகக் காரில் ஏறி, ஒரு மைல் போய், வளைந்து திரும்பி வர வேண்டும். என்ன நாடோ!

முதல் சனிக்கிழமை, பரிமாற வந்த அம்மாவிடம் நான் அழகாக, நிறுத்தி, 'ஹாஃப் பாயில்' என்று சொன்னேன். அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கொண்டையில் பென்சில், காலில் வெள்ளை ஷூ, வந்தவர் போனவர் எல்லோரும் அவருக்கு 'ஹன்', நம் ஊர் 'கண்ணு' மாதிரி. தலையாட்டிவிட்டுப் போனார். சற்று நேரத்தில் ஒரு குட்டிக் கோப்பையில், ஓட்டோடு, நிமிர்ந்து நின்றபடி ஒரு முட்டை வந்தது. பக்கத்தில் பொம்மைக்குச் சோறூட்டுகிற அளவில் ஒரு ஸ்பூன். நானும் முட்டையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கணவர் எதிரில் உட்கார்ந்து சிரித்த சிரிப்புக்கு, அந்த ஸ்பூனாலேயே அவர் மண்டையில் தட்டியிருக்கலாம்.

நம் ஊரில் ஹாஃப் பாயில் என்றால் கல்லில் எண்ணெய் விட்டு, முட்டையை உடைத்து ஊற்றி, மிளகுத்தூள் தூவி, மஞ்சள் கரு தளதளவென்று ஆடும்போதே எடுத்துவிடுவது. அதில் தண்ணீரும் கிடையாது, கொதிப்பும் கிடையாது. எந்தப் புண்ணியவான் அதற்கு 'பாயில்' என்று பெயர் வைத்தானோ, அவனால் நான் நியூ ஜெர்சியில் ஓட்டைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பரிமாறுகிற அம்மாவுக்கே பாவமாகிவிட்டது. என் எதிரில் உள்ளங்கையை மல்லாத்தி நீட்டினார். "இது சன்னி சைட் அப், ஹன். மேலே சூரியன்." பிறகு கையைக் கவிழ்த்தார். "இது ஓவர்." கவிழ்த்த கையால் மேசையை மெல்ல, பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல் இரண்டு தட்டுத் தட்டினார். "இது ஈஸி." அவ்வளவுதான் பாடம். கவிழ்த்துப் போட்டு மஞ்சள் ஓடுகிற பதத்தில் எடுத்தால் ஓவர் ஈஸி. கொஞ்சம் விட்டால் ஓவர் மீடியம். நம் ஃபுல் பாயில் மாதிரிக் கட்டியானால் ஓவர் ஹார்ட். அன்றைக்கு வந்த ஓவர் ஈஸியில், கூட வந்த பழுப்பு ரொட்டி, ரை டோஸ்ட்டின் மூலையைக் குத்தினேன். மஞ்சள் மெதுவாக வழிந்து தட்டில் ஓடியது. இந்த நாட்டில் குடியிருக்கலாம் என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியது அப்போதுதான்.

படித்த திமிர் சும்மா இருக்குமா? அடுத்தடுத்த சனிக்கிழமைகளில், இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்க ஆரம்பித்தேன். கல்லாவில் இருந்த முதலாளி கிரேக்கர். உலகத்தில் நல்லது எல்லாம் கிரேக்கத்தில் இருந்துதான் வந்தது, முட்டையைக் கவிழ்ப்பதும் அதில் சேர்த்தி என்று சத்தியம் பண்ணினார். கவுண்டரில் உட்கார்ந்திருந்த லாரி டிரைவர் ஒருத்தர், அதெல்லாம் இல்லை, கப்பற்படைக்காரர்கள் கொண்டுவந்த பேச்சு என்றார். பரிமாறுகிற அம்மா கண்ணை உருட்டி, "நான் இந்த வேலையில சேர்ந்த அன்னிக்கே அப்படித்தான் சொன்னாங்க, அதுக்கு முன்னால எப்படிச் சொன்னாங்களோ" என்றார். ஆக, ஒருவருக்கும் தெரியாது. ஆனால் யாரும் அதை ஒத்துக்கொள்ளவும் தயாரில்லை. எங்கள் ஊரில் 'ரோஸ்ட் ஒண்ணு முறுகலா' என்று சமையல்கட்டைப் பார்த்துக் கத்துகிற சர்வரிடம் போய் இதை முதலில் கத்தியது யார் என்று கேட்டிருந்தால், 'உங்களுக்கு என்ன வேணும்மா, அதைச் சொல்லுங்க' என்றிருப்பார். நானும் கேட்பதை விட்டுவிட்டுத் தின்பதைப் பார்த்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் இரண்டு பேருமே திருநெல்வேலிச் சைவக் குடும்பம். சைவம் என்றால் சும்மா இல்லை. முட்டை என்ற வார்த்தையையே எங்கள் வீடுகளில் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். நான் மதுரை ஹாஸ்டலில் கெட்டுப்போனேன். அவர் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் கெட்டுப்போனார். பெண் பார்க்க வந்த அன்று எங்களைத் தனியாகப் பேச விட்டார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி, "முட்டை சாப்பிடுவீங்களா?" நான் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். ஜாதகம் எல்லாம் பொருந்தியிருந்தது என்று பெரியவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஆனால் வீட்டுக்குள் முட்டை வராது. அது சட்டம். எங்கள் அபார்ட்மென்ட்டில் இருந்த அத்தனை சைவத் தமிழ்க் குடும்பத்துக்கும் அதே சட்டம்தான். யார் எழுதியது என்று கேட்காதீர்கள். கேக்கில் இருப்பது முட்டை ஆகாது. டோனட்டில் இருப்பதும் ஆகாது. டைனரில் தின்றது வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கழன்றுவிடும். வீட்டுச் சட்டியில் மட்டும் படக் கூடாது, ஏனென்றால் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் அதே சட்டியில்தான் தாளிக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் கதவில் முட்டைக்கென்றே குழி குழியாக ஒரு தட்டு இருக்கும் இல்லையா? எங்கள் வீட்டில் அதில் எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருந்தது.

மறுவருடம் உண்டானேன். உண்டான நாளிலிருந்து வாந்தி. எல்லோருக்கும் மூன்று மாதத்தில் நின்றுவிடும் என்றார்கள்; எனக்கு நிற்கவில்லை. சோறு நிற்காது, தயிர் நிற்காது, தண்ணீர்கூட வந்த வழியே திரும்பிப் போகும். உடம்பு பாதியாகிவிட்டது. டாக்டர் எடை பார்க்கிற மிஷினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். குழந்தை அதன் மாதத்துக்கு ரொம்பச் சின்னதாக இருக்கிறது, தாய் எடை ஏறியே ஆக வேண்டும், இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ட்யூப் போடுவோம் என்றார். எனக்குப் பயமாக இருந்தது. கேலி கிண்டல் எல்லாம் போய், பாத்ரூம் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன்.

இத்தனையிலும் ஒன்றே ஒன்றுதான் வயிற்றில் நின்றது. சனிக்கிழமை டைனர் முட்டை. ஓவர் ஈஸி, கூட ரை டோஸ்ட். மஞ்சளை நன்றாக வேகவைத்துச் சாப்பிடு என்றார் டாக்டர். வேகவைத்துப் பார்த்தேன், அதுவும் வாந்தி. அதன்பிறகு டாக்டரிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வாரத்தில் மிச்ச நாளெல்லாம் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

இந்த நேரம் பார்த்துக் கணவர், டெலிஃபோன் கார்டில் ஊருக்குப் பேசும்போது, "அவ ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குறாம்மா" என்று உளறிவிட்டார். பிரசவத்துக்கு வர வேண்டிய என் மாமியார் நவம்பரிலேயே வந்து இறங்கினார். மாமா ஊரிலேயே இருந்துகொண்டார். அவருக்கு விமானம் என்றால் பயம், கௌரவம் கருதி மூட்டுவலி என்பார். அத்தை ஐந்தடிக்குக் கீழே. குரல் மட்டும் ஆறடி. இரண்டு பெட்டி நிறைய மாங்காய் வத்தல், சுண்ட வத்தல், சுக்கு, உளுந்து, எள். வந்த மறுநாள் குளித்துவிட்டு அடுப்படிக்குள் நுழைந்தவர், ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து, குழித்தட்டில் இருந்த எலுமிச்சம்பழங்களைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் செய்தார். வாந்தி. சொதி வைத்தார். வாந்தி. சுக்குக் கஷாயம், அது வாய்க்குள் போகும் முன்பே வாந்தி. ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பாத்ரூம் வாசலில் சொம்புத் தண்ணீரோடு நிற்பார், என் முதுகைத் தடவிக்கொண்டே, "என்னட்டி திங்கணும்னு தோணுது? சொல்லு. எதுன்னாலும் செஞ்சு தாரேன்" என்பார்.

எது என்று எனக்குத் தெரியும். நுனிநாக்கில் இருந்தது. "ஒண்ணும் இல்ல அத்தை" என்பேன்.

சனிக்கிழமை காலையில் 'இந்தியன் கடைக்குப் போயிட்டு வர்றோம்' என்று நாங்கள் இருவரும் நழுவுவோம். டைனர், முட்டை, பிறகு கடைக்கு ஓடிச் சாட்சிக்கு ஒரு கட்டு கொத்தமல்லி. அத்தை அதை வாங்கி, தண்டையும் இலையையும் புரட்டிப் பார்த்து, "இதுக்கா இவ்ளோ நேரம்?" என்பார். கணவர் உடனே பார்க்கிங் கிடைக்கவில்லை, டிராஃபிக் என்று ஆரம்பிப்பார். அவருக்குப் பொய் சொல்லவும் வராது, சொல்லாமல் இருக்கவும் வராது.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. ராத்திரி பெய்த பனி கார் மேல் குவிந்து கிடந்தது. நாங்கள் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது அத்தை புடவைக்கு மேலே கணவரின் பழைய ஜாக்கெட், தலையில் மஃப்ளர் சகிதமாக வந்து நின்றார். "நானும் வாரேன். இந்தச் செவத்தையே எவ்ளவு நேரம்தாம் பாத்துக்கிட்டுக் கெடக்க?"

வேறு வழியில்லாமல் நிஜமாகவே இந்தியன் கடைக்குப் போனோம். அத்தை கத்திரிக்காயை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துப் பொறுக்கினார். எனக்குப் பசி, பசி வந்தால் குமட்டல், குமட்டல் வந்தால் தலைச்சுற்றல். கடையை விட்டு வெளியே வந்ததும் பார்க்கிங் லாட்டில், வெள்ளைப் பனி மேல், குடித்த காபியை எல்லாம் வாந்தி எடுத்தேன். கணவர் பதறிப்போய்க் காரைக் கிளப்பினார். எங்கே போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. கார் பழக்கதோஷத்தில் டைனர் வாசலில் போய் நின்றது.

"ஒண்ணும் ஆர்டர் பண்ணாதீங்க, வெறும் டோஸ்ட் மட்டும்" என்று நான் அவர் காதைக் கடித்தேன். அவரும் பயத்தோடு தலையாட்டினார். அத்தை பூத்தின் நீள சோபாவில் ஏறி உட்கார்ந்து, சிவப்பு சீட்டைத் தடவி, "நல்லாத்தாம் வச்சிருக்கான்" என்றார்.

யாரும் எதுவும் கேட்கும் முன்பே, கொண்டையில் பென்சில் வைத்த அம்மா கிச்சன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். வெளுத்துப்போன என் முகத்தைத் தூரத்திலேயே பார்த்திருக்கிறார். மகராசி, நல்ல மனசோடுதான் செய்தார். கையில் தட்டு. என் முன்னால் வைத்து, "ஓவர் ஈஸி, ரை டோஸ்ட். சாப்பிடு ஹன்" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

மேசையில் தட்டு. தட்டில் இரண்டு முட்டை. எதிரில் என் மாமியார்.

"என்னலே இது?" என்றார் அத்தை, மகனைப் பார்த்து.

"பன்னீர்மா" என்றார் கணவர்.

கட்டிய புருஷன் இல்லையென்றால் அந்த இடத்திலேயே கைகூப்பி விடைபெற்றிருப்பேன்.

"உள்ள மஞ்சளாத் தெரியுது?"

"அது... மாம்பழம். மாம்பழக் கூழ். உள்ள வச்சிருப்பாங்க."

அத்தை மஃப்ளரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். "ஏலே, நான் முட்டையத் தின்னதில்ல. பாத்ததுமா இல்லன்னு நெனச்ச?"

கணவர் தலையைக் குனிந்துகொண்டு மெனு கார்டுக்குள் போய்விட்டார். நான் எழுந்து பனிக்குள்ளேயே நடந்து ஊர் போய்ச் சேரலாமா என்று யோசித்தேன். அத்தை தட்டைத் தொடவில்லை. மேசை மேல் இருந்த நாப்கினை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு, தட்டின் ஓரத்தில் வைத்து, என் பக்கமாக இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

"சாப்பிடு."

"அத்தை..."

"சனிக்கெழமை மட்டும் நீ வாந்தி எடுக்கல. ராத்திரி வரைக்கும் நிக்கி. மறுநா காலையில மறுபடி ஆரம்பிச்சிருது. வந்ததுல இருந்து பாத்துட்டுத்தான் இருக்கேன். கொத்தமல்லிக் கட்டையா மோந்து பாத்து வயிறு ரொம்பிச்சு? என்ன வேணும்னு எத்தன மட்டம் கேட்டேன்? வாயத் தொறந்து சொன்னியா?" அவர் குரல் சட்டென்று உடைந்தது. "புள்ள சின்னதா இருக்குன்னு டாக்டர் சொல்லுதா. இவ பொய் சொல்லிக்கிட்டுத் திரியுதா. சாப்பிடுட்டி, ஆறிப் போவுது."

சாப்பிட்டேன். அழுகையும் முட்டையும் ஒன்றாகத் தொண்டையில் இறங்கின. அத்தை ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, நான் தின்கிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். தட்டு காலியானதும் திரும்பி, "இதுக்கு என்ன பேரு?" என்றார். சொன்னேன். இரண்டு மட்டம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அன்றைக்கு முழுக்க என்னையே கண்காணித்தார். வாந்தி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாலில் பஞ்சாயத்து கூடியது. வாரத்துக்கு ஒரு நாள் தின்றால் பிள்ளை எப்படி வளரும்? கணவர் வேலைக்குப் போய்விட்டால் எனக்குக் காரும் ஓட்டத் தெரியாது. வீட்டிலேயே செய்வதென்றால், வீட்டுக்குள் முட்டை வராது. அத்தை எழுந்து போய், கண்ணாடிக் கதவை இழுத்துத் திறந்து, எங்கள் அபார்ட்மென்ட்டின் பின்பக்கத்து பேட்டியோவை எட்டிப் பார்த்தார். ஒரு கட்டில் அளவு சிமென்ட் தரை. அதில் முழங்கால் அளவு பனி.

"இது வீட்டுக்குள்ளயா, வெளியவா?" என்றார்.

"வெளியதான்மா" என்றார் கணவர்.

"அப்பப் பனிய அள்ளு."

அன்று மாலையே ஒரு கரண்ட் அடுப்பு, புதிதாக ஒரு ஃப்ரையிங் பான், ஒரு தட்டு, ஒரு டம்ளர், பிளாஸ்டிக் முக்காலி எல்லாம் வந்து பேட்டியோவில் குடியேறின. கதவிடுக்கு வழியாக எக்ஸ்டென்ஷன் கார்டு போனது. முட்டையை எங்கே வைப்பது? வெளியே வைத்த முதல் டஜன் இரவோடிரவாகக் கல்லாக உறைந்து வெடித்துவிட்டது. பிறகு பிக்னிக்குக்குக் கொண்டுபோகிற ஐஸ்பெட்டிக்குள் பழைய ஸ்வெட்டரால் சுற்றிவைத்தோம். ஐஸ்பெட்டியில் குளிராமல் இருப்பதற்காகப் பொருள் வைத்த குடும்பம் அமெரிக்காவிலேயே நாங்கள் ஒன்றுதான் இருப்போம்.

தினமும் காலையில் அத்தை குரங்குக் குல்லாயோடு வெளியே போவார். கையில் கிளவுஸ். மூக்கைச் சுற்றி முந்தானை. முட்டையை உடைக்கிற வேலை கணவருக்கு. அதைத் தொட மாட்டார். கல்லில் விழுந்தபிறகு, நீளக் கரண்டியோடு அத்தையின் ராஜ்யம். நானும் வெளியே வந்து உட்காரப் பார்த்தேன். விடவில்லை. "பிள்ளத்தாச்சிக்கு குளிர் ஆகாது. நீ உள்ளயே இரு. வாய மட்டும் வெளிய நீட்டு" என்றார். கதவருகே முக்காலி போட்டு, உடம்பு ஹீட்டருக்குள்ளும் தலை பனிக்குள்ளுமாக நான் சாப்பிட்டேன். தட்டு வாசற்படியைத் தாண்டவில்லை. சட்டம் காப்பாற்றப்பட்டது.

ஆனால் ஓவர் ஈஸி லேசில் வரவில்லை. தோசையைக் கண்ணை மூடிக்கொண்டு திருப்புகிற கை அது. அந்தப் பழக்கத்தில் ஒரே வீச்சாகத் திருப்பிவிடுவார். மஞ்சள் உடைந்து கல்லெல்லாம் ஓடும். "சனியன்!" என்பார். உடைந்ததை எல்லாம் கணவர் குளிரில் நின்றபடி தின்று தீர்த்தார். எனக்கு முன்னால் அவர்தான் எடை போட்டார். அடுத்த சனிக்கிழமை அத்தை டைனருக்கு வந்து, எங்களைப் பூத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, நேராகக் கவுண்டர் பக்கம் போய் நின்றுகொண்டார். சமையல்காரர் திருப்புவதைக் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பரிமாறுகிற அம்மா இதைக் கவனித்துவிட்டு, எனக்குச் செய்து காட்டிய அதே வித்தையை அவருக்கும் செய்து காட்டினார்: கை மல்லாந்தது, கவிழ்ந்தது, மெல்லத் தட்டியது. ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியாது. இரண்டு கிழவிகளும் கவுண்டரில் மாறி மாறிக் கையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் பேட்டியோவில் அத்தை கரண்டியை அடியில் மெல்ல நுழைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டார். கையை உயரத் தூக்காமல், கல்லோடு கல்லாகக் கவிழ்த்தார். உடையவில்லை.

"அன்னைக்கு அந்தப் பேரு எங்கருந்து வந்துன்னு ஊரெல்லாம் கேட்டியாமே, ஒம் புருசன் சொன்னான்" என்றார், குல்லாய்க்குள்ளிருந்து. "அது பேரு இல்லட்டி. மெரட்டு. திருப்புதியா, மெதுவாத் திருப்பு, ஒடச்சுத் தொலைக்காதங்கா. அடுப்புல நிக்கவனப் பாத்துப் பரிமாறுதவ அங்கருந்து சத்தம் போட்டது. அது அப்படியே நின்னுட்டு."

கிரேக்க முதலாளியும் லாரி டிரைவரும் சொன்னதைவிட இது எனக்குச் சரியாகப் பட்டது. இன்றைக்கும் யாராவது கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். ஆதாரம் கேட்டால் என் மாமியார் என்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா ஃபோனில் கேட்பார், "மருமக என்ன சாப்பிடுதா?" அத்தை கண்ணிமைக்காமல், "பன்னீரு" என்பார். மகன் சொல்லி எடுபடாத பொய் தாய் வாயில் என்னமாய் எடுபட்டது! ஃபோனை வைத்ததும் என்னைப் பார்த்து, "மாமாட்டச் சொல்லிராத, என்ன?" என்பார். பேட்டியோவில் இருந்து உள்ளே வந்ததும் யாரோடும் பேசாமல் நேராகப் போய்த் தலைக்குக் குளிப்பார். தினமும், அந்தக் குளிரிலும். முட்டையை ஒரு நாள்கூடக் கையால் தொட்டதில்லை, ஆனாலும் குளிப்பார். முட்டை பட்ட கரண்டியைப் பிடித்த பாவம் அது என்றார்.

நான் எடை ஏறினேன். கொஞ்சம் கொஞ்சமாக வாந்தி குறைந்து, மார்ச்சில் சோறும் நின்றது. டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அத்தை அந்தப் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "மூக்கு மட்டும் அப்பன் மூக்கு. பொழைக்கட்டும்" என்றார்.

மே மாதம் பெண் பிறந்தாள். விடிய விடிய வலி. பிள்ளை நல்ல எடை, நல்ல குரல். பாட்டியின் குரல் அப்படியே. காலையில் ஆஸ்பத்திரிக்காரப் பெண்மணி ஒருத்தி டிராலியோடு வந்து, காலைச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தை எழுந்தார். வந்த ஆறு மாதத்தில் ஒரு வெள்ளைக்காரரிடமும் அவர் ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசியதில்லை.

"டூ," என்றார், விரலைக் காட்டி. "ஓவர் ஈஸி. ரை டோஸ்ட்."

அந்தப் பெண்மணி தயங்கினாள். இங்கே ஸ்க்ராம்பிள்ட் மட்டும்தான் என்றாள்.

"என்னங்கா?" என்றார் அத்தை. சொன்னேன். "கொத்திக் கெளறுனதா? விடிய விடிய வலியெடுத்துப் பெத்தவளுக்கா?" மகனைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஏற்கெனவே கார் சாவியைத் தேட ஆரம்பித்திருந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து டைனர் டப்பாவோடு வந்தார். டப்பா சூடாக இருந்தது; இரண்டு முட்டையும் உடையாமல் வந்திருந்தன. ஃபோர்க்கை மட்டும் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார். பன்னீர் மூளை, வேறென்ன சொல்ல? என் வலது கையில் டிரிப்ஸ் ஊசி. இடது கையில் பிள்ளை, அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது. மூன்று பேரும் டப்பாவைப் பார்த்தோம்.

அத்தை எழுந்து போய் வாஷ்பேசினில் கை கழுவினார். புடவையில் துடைத்துக்கொண்டு வந்து கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரை டோஸ்ட்டில் ஒரு துண்டைப் பிய்த்தார். ஒரு வினாடி நின்றார். பிறகு வெறும் விரலோடு அதை முட்டைக்குள் அழுத்தினார். மஞ்சள் அவர் விரலில் ஏறி, மோதிரம் வரைக்கும் வழிந்தது. கொஞ்சம் வெள்ளையையும் சேர்த்துக் கிள்ளி, உருட்டி, என் வாயில் வைத்தார்.

எனக்கு மெல்ல முடியவில்லை. கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

"அழாம முழுங்கு. ஆறிரும்" என்றார். பிறகு தன் கையைத் தூக்கிப் பார்த்தார். "ஏலே, இங்கன குளிக்கதுக்கு எங்கன?"

கணவர் பாத்ரூம் கதவைக் காட்டினார். அத்தை அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, டோஸ்ட்டில் அடுத்த துண்டைப் பிய்த்தார்.